தானாக ஓடும் கதிரை

ஒரு நாளில் முந்நூறு தடவை குனிந்து நிமிர்ந்தால் யாருக்கும் முதுகும் நாரியும் நோகத்தான் செய்யும். தந்திரப் படம் எடுப்பது மேடையில் புறா எடுப்பதுபோல இல்லை. ஆள் உட்கார்ந்திருக்கும் கதிரையை ஓர் அங்குலம் நகர்த்து, ஒரு படம் பிடி. மறுபடி நகர்த்து, மறுபடி பிடி. ஓட்டிப் பார்த்தால் கதிரை ஆளோடு தானாக ஓடும்.

யாழ்ப்பாணத்தில் நான் மேடை மந்திரவாதி. 1986இல் அகதியாக வந்து, பேர்ண் நகரில் ஓட்டல் குசினியொன்றில் கோப்பை கழுவினேன். மிச்ச நேரத்தில் இந்தக் கமரா வேலை. கதிரையில் இருந்தவன் என் அறைத் தோழன் தவராஜா. முடிவில் அவன் மறைந்து, திரும்பவும் தோன்ற வேண்டும். அதுதான் கதை.

“அண்ணை, ஆமிக்காரன்கூட இவ்வளவு நேரம் அசையாதை எண்டு சொல்லேல்லை.”

“அவனுக்குக் கலை தெரியாது. தாடியைச் சொறியாதை.”

“கடைசியில என்னைத் திரும்பக் கொண்டுவருவியள்தானே?”

“ஓம் ஓம்.”

தாடி முக்கியம். தொடங்கிய நாளில் இருந்த தாடி முடியும்வரை இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை நானே அளவாக வெட்டிவிடுவேன்.

அவனுக்கு ஜெர்மன் தெரியாது. வருகிற கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். மார்ச்சில் அகதி விசாரணைக்கு வரச்சொல்லி ஒன்று வந்தது. விசாரணைக்குப் போகிற எங்கள் பெடியன்கள் முதல்நாளே முகம் வழித்துவிடுவார்கள். தாடியோடு போனால் இயக்கத்துப் போராளி என்று நினைப்பார்களாம். படத்திலோ இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி; எடுக்க வாரக்கணக்காகும். கடிதத்தைச் சட்டைக் கைக்குள் விட்டேன். புறாவைவிடச் சுலபம்.

மறுபடி எழுதுவார்கள் என்று நினைத்தேன். எழுதினார்கள். வராததால் விண்ணப்பம் நிராகரிப்பு. முப்பது நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம்.

“என்ன போட்டிருக்கு அண்ணை?”

“பொறுத்திருக்கட்டாம்.”

“அதுதானே என்ர தொழில்,” என்று சிரித்துக்கொண்டு கதிரையில் போய் இருந்தான்.

அந்த முப்பது நாளில் நிறைய எடுத்தோம்.

பிறகு ஒரு காலை பொலிஸ் வந்து, கதிரையில் இருந்தவனை எழுப்பிக்கொண்டு போனது. கமரா அசையவில்லை. வெறுங்கதிரையை நான் தொடர்ந்து பிடித்தேன். பக்கத்து ஆரா நகரில் எங்கள் சனத்துக்குப் போட்டுக் காட்டியபோது, ஆள் மறைகிற அந்த இடத்துக்குத்தான் கைதட்டல். வெட்டிய இடமே தெரியவில்லை என்றார்கள்.

கொழும்பில் இறங்கியவனை யாரோ பிடித்துப் போனதாக அவன் மனைவி பத்மினி எழுதினாள். மூன்று வருடமாகத் தகவல் இல்லை. இரண்டு கடிதத்தையும் மறைத்தவன் நான்தான். அதில் ஒளிக்க எதுவுமில்லை. கதிரை இப்போதும் அடையாளம் வைத்த இடத்திலேயே நிற்கிறது. அவன் திரும்பி வந்து இருக்கிற அந்தக் கடைசிக் காட்சி, அது ஒன்றுதான் தவராஜாவுக்கு நான் இன்னும் தீர்க்காத கடன்.