டீச்சருக்குக் கிடைத்த தண்டனை

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு டீச்சரும் அவர் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னிக்கு எனக்குத் தண்டனை குடுத்துட்டாங்க” என்றார் டீச்சர், சிரிப்பை அடக்க முடியாமல்.

“ஆரு அம்மிணி?” என்றார் கணவர்.

“எட்டாங்கிளாஸ் புள்ளைங்கதானுங்க. குடிமையியல் பாடத்துக்குக் கோர்ட்டு மாதிரி நடிக்கச் சொன்னேன். குத்தவாளியா நிக்க ஒருத்தரும் வரலீங்க, நானே நின்னேன். விளையாட்டு பீரியடை வாராவாரம் புடுங்கிக்கறேன்னு கேஸ் போட்டுட்டாங்க.”

“சாட்சி?”

“என் செல்லப்பொண்ணு ராசாத்திதான். கோயில்ல பண்ற மாதிரி கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணீட்டு, ‘ஆமாங்க, டீச்சர் புடுங்கினாங்க’ன்னு அழுதுட்டே சொல்லுச்சு.”

“பாடம் முடியலைன்னு சொல்றதுதானே?”

“சொன்னேனுங்க. ‘பாடம் நடத்துனது குத்தமில்ல, எங்களைக் கேக்காம எடுத்ததுதான் குத்தம்’னுட்டான் ஜட்ஜு. இனி அந்தப் பீரியடு அவங்களுக்குத்தான். நானும் கூட ஓடியாடி விளையாடோணுமாம்.”

“ஹெட்மாஸ்டர்கிட்ட அப்பீல் போ!”

“அவரும் பீரியடு புடுங்கறவருதானுங்களே? நாளைக்கு அவரு மேல கேஸு, நான்தான் சாட்சி. எறங்குனதும் கற்பூரம் வாங்கோணும், ஞாபகப்படுத்துங்க.”