எத்தனை பேர் ஏறலாம்?

(கல்யாணமான பதினோரு வருஷத்தில் இஸ்திரிப் பெட்டிக்கு எந்தப் பக்கம் சூடு என்றுகூடத் தெரியாத மனுஷன், இன்றைக்கு என் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூக்கத்தை விட்டுவிட்டு. ஏதோ பெரிசாகக் கேட்கப்போகிறார். கேட்கட்டும். நானாக வாயைத் திறக்கக் கூடாது.)

— ...அதைத்தான் சொல்றேன், காலர்ல இன்னும் ஒரு ஓட்டு ஓட்டிட்டா பளிச்சுன்னு ஆயிடும்.

— அது லேப் கோட்டுங்க. நாளைக்குப் பத்து மணிக்கெல்லாம் அது மேல பல்செட்டு மாவு கொட்டிடும்.

— கொட்டட்டுமே. பல்செட்டு செய்யறவங்கன்னா நாலு பேர் மதிக்கிற மாதிரிப் போக வேணாமா?

— விஷயத்துக்கு வாங்க.

— என்ன விஷயம்? ஒரு விஷயமும் இல்லை. கட்டின பொண்டாட்டிக்கு ஒரு...

— கையைச் சுட்டுக்கப் போறீங்க. ப்ளக்கைப் பிடுங்கிட்டுச் சொல்லுங்க.

— ...உனக்கு அந்தக் கம்ப்யூட்டர் ஊர்ல என்ன வேலை?

— எந்த ஊரு?

— ஆறு, சந்தை, கோட்டை எல்லாம் இருக்குமே. ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கிட்டு, அந்த வேஷத்துலயே பேசிக்கிட்டு...

— ஓ, அதுவா? சும்மா, பொழுதுபோக்கு.

— வெள்ளைத் தாடி வெச்ச படகுக்காரர். வாயில எப்பவும் ஒரு பீடி.

— ...சுருட்டு. யாரு சொன்னா?

— நீயேதான் மாட்டிக்கிட்டே. போன மாசம் மீட்டிங்ல எங்க மேனேஜரம்மா எழுந்து நின்னு, 'நான் ஒரு விளையாட்டு ஆடறேன், அதுல ஒரு படகுக்காரர் இருக்கார், "அவசரம்னா நீந்திப் போங்க"ன்னு அடிக்கடி சொல்வார்'னாங்க. முப்பது பேரும் கை தட்டினாங்க. எனக்கு மட்டும் கை எழும்பலை. பாத்ரூம் கதவைத் தட்டும்போதெல்லாம் உள்ளேயிருந்து எனக்குக் கிடைக்கிற பதிலாச்சே அது!

— உலகத்துல நான் ஒருத்திதான் அப்படிச் சொல்வேனா?

— 'கடிக்கிறதுக்கு முன்னாடி பல்லு சொந்தமான்னு பாரு.' அதையும் சொன்னாராம். ஆத்துல துடுப்புப் போடறவருக்குப் பல்லைப் பத்தி என்ன கவலை?

— ...சரி, நான்தான். அதுக்கென்ன இப்போ?

— அதுக்கென்னவா? உன் படகுல உப்பு வியாபாரியா வர்றது எங்க மேனேஜரம்மா!

— தெரியும்.

— தெரியுமா!

— லிஃப்ட் கம்பெனி, முப்பது ஆளுங்க, அதுல ஒருத்தர் லிஃப்ட் கண்ணாடியில தலை சீவாம ஸ்க்ரூ டிரைவரைத் தொடமாட்டாராம். வேற யாரா இருக்கும்?

— தலை சீவறதையா சொன்னாங்க? வேற? வேற என்ன சொன்னாங்க?

— படகுல பேசினது படகோட.

— புருஷன்கிட்டகூடவா?

— சிரிச்சாலும் அழுதாலும், கரை வந்ததும் நான் மறந்துடுவேன். அந்த நம்பிக்கையிலதான் ஏறறாங்க.

— நீ மறக்கிற ஆளா? என் தங்கச்சி கல்யாணத்துல நான் சொன்ன ஒரு வார்த்தையை இன்னும்...

— அது நான். மறக்கிறது படகுக்காரர்.

— கேளு, கேளு. நாளைக்கு சூப்பர்வைசர் யாருன்னு முடிவு பண்றாங்க. நானும் ரெண்டாவது ஷிஃப்ட் பொண்ணும்தான் பாக்கி. அவ வந்து நாலு வருஷம். நான் பதினாலு வருஷமா லிஃப்ட் குழிக்குள்ள இறங்கிக் கயிறு பார்த்தவன். இந்தத் தடவையும் விட்டா, அப்புறம் ரிட்டயர் ஆகிற வரைக்கும் குழிதான். மேனேஜரம்மா எந்த முடிவையும் படகுக்காரரைக் கேக்காம எடுக்கறதில்லை. இன்னிக்கு நாலு மணிக்கு வருவாங்க...

— நாலு மணின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— ...பொதுவா... எல்லாரும் நாலு மணிக்குத்தானே...

— ஜடையை முன்னாடி இழுத்து விட்டுக்கிட்டா இப்படித்தான் நாக்கு குழறுமோ?

— என்ன ஜடை?

— ரெட்டை ஜடை. பச்சைப் பாவாடை. இடுப்புல ஒரு ஆட்டுக்குட்டி. மூணு வாரமா உப்பு வியாபாரியை ஒட்டி உட்கார்ந்துக்கிட்டு, 'அக்கா, எங்க ஊர்ல லிஃப்ட் ரிப்பேர் பண்ற அண்ணன் ஒருத்தர் இருக்கார், தங்கமானவர்'... அங்கே மாடி வீடே கிடையாது. லிஃப்ட் எங்கேருந்துங்க வந்துச்சு?

— ஐயோ... எப்போ கண்டுபிடிச்சே?

— முதல் நாளே. ஆடு மேய்க்கிற பொண்ணு, படகுல காலை வைக்கறதுக்கு முன்னாடி, 'இதுல எத்தனை பேர் ஏறலாம்? எழுதி ஒட்டலையே?'ன்னு கேட்டா.

— பழக்கதோஷம்டி... அப்போ தெரிஞ்சேதான், ஓட்டைப் படகுன்னு சொல்லி என்னை மூணு வாரம் தண்ணி அள்ள வெச்சியா?

— ஓட்டையே இல்லை.

— அடிப்பாவி! மவுஸை அமுக்கி அமுக்கி விரல் வீங்கிப்போச்சு!

— வீட்டுல ஒரு வாளி தூக்கச் சொன்னா இடுப்பு பிடிச்சுக்கும். அங்கே என்னமா அள்ளினீங்க! கண்ணு குளிர்ந்துபோச்சு எனக்கு.

— சரி, ஆசை தீர்ந்துச்சுல்ல? மணி நாலாச்சு, இங்கே பாரு... கம்ப்யூட்டர் திரையில... உப்பு மூட்டை! வந்துட்டாங்க!

— தள்ளி நில்லுங்க. தோள்ல மூச்சு விடாதீங்க.

— என்ன எழுதியிருக்காங்க? வாய்விட்டுப் படி.

— 'படகுக்காரரே, மனசு ஒரு நிலையில இல்லை. ரெண்டு பேர்ல ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கணும். ஒருத்தர் பழைய ஆள். இன்னொருத்தி புதுசு. ரெண்டு பேரும் நல்லாத்தான் வேலை செய்யறாங்க. நீங்க யாரைச் சொல்றீங்களோ, அவங்களுக்கே.'

— கடவுளே! கனிஞ்சு கையில விழுது பாரு! 'பழைய ஆளுக்கே கொடுங்க.' அவ்வளவுதான். எழுது.

— எழுதறேன்.

— என்ன எழுதறே? கையை எடு, நான் படிக்கிறேன். 'அவங்க ரெண்டு பேரையும் எனக்குத் தெரியாதும்மா. உங்களுக்குத் தெரியும். என்னைக் கேக்காதீங்க...' ஏய், என்னது இது? அழி! அழி!

— அனுப்பியாச்சு.

— தெரியாதா? என்னைத் தெரியாதா உனக்கு?

— எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

— எவருக்கு? நீதானே அவர்!

— ஆரம்பத்துல நானும் அப்படித்தான் நினைச்சேன்.

— விளையாடாதே... பதினாலு வருஷம்மா. இன்னும் படகுலதான் உட்கார்ந்திருக்காங்க, பாரு. இன்னொரு வரி. ஒரே ஒரு வரி. கட்டின புருஷனுக்காக இதுகூடச் செய்யக்கூடாதா?

— படகுக்காரருக்குக் கல்யாணம் ஆகலைங்க. ஆறு வருஷமா எத்தனையோ பேர் சம்பந்தம் கேட்டாச்சு... நான்தான் பண்ணி வைக்கலை.