மூன்றாவது வரியில் ஒரு மைனஸ்

அவன்: கதவைச் சாத்திட்டு வா. இந்தப் பலகையில மூணாவது வரியைப் பாரு.

அவள்: பாத்தாச்சு.

அவன்: எங்க பாத்தே? கண்ணு பலகையில, காது வராண்டாவுல.

அவள்: நம்ம கணக்கைச் சொல்ற கூட்டம் ஆரம்பிக்கப் போகுதுப்பா. ஹால்ல நாற்காலி பத்தாம பக்கத்து வகுப்புலருந்து தூக்கிட்டு வராங்க. இப்போ போய் மூணாவது வரி, நாலாவது வரின்னு…

அவன்: நாலாவது வரிக்குப் போக வழியே இல்ல. மூணாவதுல மைனஸ் தப்பு.

அவள்: எந்த மைனஸ்?

அவன்: நேரத்துக்கு முன்னாடி போடுற மைனஸ். உங்க ரிலேட்டிவிட்டி ஆளுங்க நேரத்துக்கு மைனஸ், இடத்துக்கு ப்ளஸ் போடுவீங்க. நாங்க குவாண்டம்காரங்க அப்படியே தலைகீழ்.

அவள்: ரெண்டும் சரிதானே. இடது பக்கமா வண்டி ஓட்டுற நாடும் இருக்கு, வலது பக்கமா ஓட்டுற நாடும் இருக்கு.

அவன்: ஒரே ரோட்டுல ரெண்டு பேரும் அவங்கவங்க வழக்கப்படி ஓட்டினா? அதான் இங்க நடந்திருக்கு. என் பாதியை நான் என் வழக்கத்துல எழுதினேன். உன் பாதியை நீ உன் வழக்கத்துல எழுதினே. சேக்குற இடத்துல உன்னோடதை என் வழக்கத்துக்கு மாத்தாம அப்படியே ஒட்டியிருக்கு.

அவள்: ஒட்டினது யாரு?

அவன்: சேத்து எழுதினது நீ. குத்தம் சொல்லல.

அவள்: அதான் சொல்லிட்டியே.

அவன்: மாத்திப் போட்டா என்ன ஆகுது தெரியுமா? என் பக்கத்து இன்ஃபினிட்டியும் உன் பக்கத்து இன்ஃபினிட்டியும் ஒண்ணை ஒண்ணு கழிச்சுக்கும், மிச்சம் ஒரு ஒழுங்கான விடை நிக்கும்னு தானே தலையில தூக்கி வச்சு ஆடினோம்? கழியல. கூடுது.

அவள்: இன்ஃபினிட்டியோட இன்ஃபினிட்டி கூடினா இன்ஃபினிட்டிதான். பழைய குடித்தனம். புதுசா என்ன கெட்டுப் போச்சு?

அவன்: சிரிக்காதே.

அவள்: சிரிக்கல. என் மூஞ்சியே இப்படித்தான்.

அவன்: அணுவுக்குள்ள நடக்கிறதுக்கு ஒரு கணக்கு. நட்சத்திரம் வளைக்கிற வெளிக்கு ஒரு கணக்கு. தனித்தனியா இம்மி பிசகாது. சேத்து வச்சா விடை எல்லையில்லாம ஊதிக்கிட்டே போகுது. உலகத்துல அத்தனை பேரும் மண்டையை உடைச்சுக்கிட்ட இடம். நாம அடக்கிட்டோம்னு நெனச்சோம்…

அவள்: உன் பக்கம் கொஞ்சம் வளைஞ்சு குடுத்திருந்தா அடங்கியிருக்கும்.

அவன்: என் பக்கம் ஏன் வளையணும்? எந்தச் சோதனையிலயும் தோக்காத கணக்கு அது.

அவள்: என்னோடது தோத்திருக்கா?

அவன்: ரொம்பச் சின்ன அளவுக்குப் போனா உளறுது.

அவள்: உன்னோடதுல எல்லாருக்கும் சேத்து ஒரே கடிகாரம். யாரோ வெளியில மாட்டி வச்ச மாதிரி. யாரு மாட்டினதுன்னு கேட்டா பதில் கிடையாது. எங்ககிட்ட ஆளுக்கொரு கடிகாரம். அவங்கவங்க போற வேகம், நிக்கிற இடம், அதைப் பொறுத்துத்தான் நேரம்.

அவன்: ஆளுக்கொரு நேரம்னா, அடுத்து என்ன நடக்கும்னு எதை வச்சுச் சொல்றது?

அவள்: உன் கடிகாரத்தை வச்சுத்தான் சொல்லணும், வேற எதை வச்சு? உனக்குப் பசிச்சா சாப்பாட்டு நேரம். உனக்குத் தூக்கம் வந்தா விளக்கணைக்கிற நேரம்.

அவன்: வீட்டை எதுக்கு இழுக்கிறே?

அவள்: ரெண்டையும் ஒரே மேஜையில போட்டுத்தானே இத்தனை வருஷம் பேசினோம். எது வீடு, எது கணக்குன்னு எனக்கே இப்போ தெரியல.

தலைவர்: உள்ள இருக்கீங்களா? தட்டித் தட்டிக் கை வலிக்குது.

அவள்: இருக்கோம் சார்.

தலைவர்: நீங்க ரெண்டு பேரும் கத்துறது ஹால் வரைக்கும் கேக்குது. பேச்சு ஆரம்பிச்சாச்சுன்னு நெனச்சு பாதிப் பேரு அமைதியா உக்காந்துட்டாங்க.

அவன்: சார், இன்னிக்குக் கூட்டத்தை நாம கொஞ்சம்…

அவள்: இதோ வந்துட்டோம் சார். மைக் போட்டாச்சா?

தலைவர்: எப்பவோ. சட்டுபுட்டுனு வாங்க. வெளியூர் ஆளுங்க முன்வரிசையில காத்துக்கிட்டிருக்காங்க.

அவன்: …போயிட்டாரா?

அவள்: போயிட்டாரு.

அவன்: எதுக்குக் குறுக்க விழுந்தே? ரத்து பண்ணுங்கன்னு சொல்ல வந்தேன்.

அவள்: ரத்து எல்லாம் வேணாம். பேசிடுவோம். யாரும் கவனிக்க மாட்டாங்க.

அவன்: இன்னிக்குக் கவனிக்க மாட்டாங்க. அப்புறம்?

அவள்: அப்புறம் எவனாவது கண்டுபிடிப்பான். அப்போ பாத்துக்கலாம்.

அவன்: நீயா பேசுறே? ஒரு புள்ளி இடம் மாறியிருந்தா சோறு இறங்காதே உனக்கு! உன் பேரும்தானே நாறும்?

அவள்: நாறட்டும்.

அவன்: அதெல்லாம் வேணாம். மேடையில ஏறி, தப்பாயிடுச்சு, மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிடுவோம். ஒரு நாள் அவமானம். அப்புறம் முதல்லருந்து ஆரம்பிப்போம்.

அவள்: யாரு யாரு ஆரம்பிக்கிறது?

அவன்: யாரா? நாமதான்.

அவள்: நீ சந்தோஷமா இருக்கே.

அவன்: பைத்தியமா உனக்கு? இத்தனை வருஷ உழைப்பு மண்ணாப் போச்சு. சந்தோஷமாம்!

அவள்: காலையில விசிலடிச்சுக்கிட்டே சவரம் பண்ணினே. வேற ரூம்ல படுத்தாலும் எனக்குக் காது கேக்கும். என் பெட்டி எங்க?

அவன்: வாசல்லதான் இருக்கு. நான் தொடல.

அவள்: பேசி முடிச்சு, கை குலுக்கிட்டு, நேரா ஸ்டேஷன். அதானே நமக்குள்ள பேச்சு?

அவன்: கணக்கு முடிஞ்சதும் போகலாம்னுதான் பேச்சு. முடியலையே.

அவள்: அடப்பாவி.

அவன்: எதுக்குத் திட்டுறே? பிரியணும்னு நீ சொன்னப்போ நான் தடுத்தேனா? பாதியில விட்டா ரெண்டு பேரு ஆயுசும் வீணாயிடும், முடிச்சுக் குடுத்துட்டுப் போன்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். நீயும் தலையாட்டினே.

அவள்: ஆட்டினேன். அதுலருந்து தினம் விடிஞ்சா உன் எதிர்ல உக்காரணும். சாயங்காலம் வரைக்கும் நீ வளைய மாட்டே, நான் வளைய மாட்டேன். வீட்டுக்குப் போனா அங்கயும் நீதான். மூச்சு முட்டுதுப்பா எனக்கு. உன் மேல கோபம்கூட இல்ல. இருந்திருந்தா சண்டை போட்டுக்கிட்டாவது கூட இருந்திருப்பேன்.

அவன்: இன்னும் கொஞ்ச நாள்…

அவள்: இது முடியாது. நமக்கு முன்னாடி முட்டி மோதினவங்க எல்லாம் முட்டாளா? நம்ம ஆயுசுல இது முடியாது.

அவன்: முடியலேன்னா என்ன? கூட உக்காந்து முடியாம இருக்கலாமே.

அவள்: …இந்த மைனஸை எப்போ கண்டுபிடிச்சே?

அவன்: காலையில.

அவள்: இங்க பாத்துச் சொல்லு. சன்னலைப் பாக்காதே.

அவன்: மழைக்காலத்துக்கு முன்னாடி.

அவள்: முன்னாடியேவா! நான் வேற ஊர்ல வேலை தேடினது, வீடு பாத்தது, உக்காந்து பெட்டி கட்டினது… எல்லாத்தையும் பாத்துக்கிட்டு வாயைத் தொறக்காம இருந்தியா?

அவன்: நீயா கண்டுபிடிப்பேன்னு இருந்தேன். "ஐயோ, தப்பு பண்ணிட்டேனே"ன்னு ஓடி வருவே, சரி விடு, திரும்பப் போடலாம்னு சொல்லணும்னு… மனசுக்குள்ள சொல்லிக்கூடப் பாத்து வச்சிருந்தேன். நீ வரவே இல்ல.

அவள்: வரல.

அவன்: எனக்கு ஒண்ணுதான் புரியல. முதல் வருஷப் பசங்க பண்ற தப்பு இது. நீ போய் எப்படி? ராப்பகலா வேலை வாங்கி உன்னை ஓச்சுப் போட்டுட்டேனோன்னு மனசு அடிச்சுக்குது எனக்கு. உன் மேல பழி வர விடமாட்டேன். மாத்த மறந்தது நான்தான்னு மேடையில சொல்லிடுறேன், போதுமா?

அவள்: யாரும் மறக்கல.

அவன்: என்னது?

அவள்: முதல்ல மாத்தி, சரியாத்தான் எழுதினேன். கூடிக்கிட்டே போய் இன்ஃபினிட்டியா வந்து நின்னுச்சு. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன்… அப்புறம் அழிச்சுட்டு மைனஸ் போட்டேன். வேற எப்படிப்பா நான் உன்னைவிட்டுப் போறது?