முப்பத்திரண்டு கம்பெனிகளின் டைரக்டர்

பல் விளக்காமல் காபி குடிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, ஐயா. என் மாமனார் அந்த ரகம். மாமியார் போன பிறகு எங்களோடு வந்து தங்கினார். முதல் நாள் காலையிலேயே டம்ளரில் வாய் வைத்துச் சர்ரென்று உறிஞ்சினார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் முகத்தில் காட்டவில்லை. பெரியவர்களுக்கு உண்டான மரியாதையை நான் ஒருநாளும் குறைத்தவனில்லை. என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். இப்போது சொல்வாளா என்று தெரியவில்லை.

தொழில் என்னவென்று கேட்டீர்கள். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு லேப்டாப்பில் ஒப்பந்த வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சம்பளக்காரர்கள் இல்லை. சொந்தக் கம்பெனி பெயரில் வேலை எடுத்தால் அவர்களுக்கு வரி குறையும். அந்தக் கம்பெனியை இங்கே பதிவு செய்து, வருடா வருடம் வரி தாக்கல் செய்து கொடுப்பேன். சட்டத்தில் ஒரே இடைஞ்சல், டைரக்டர்களில் ஒருவராவது இங்கே குடியிருக்க வேண்டும். என் வாடிக்கையாளர்களோ எங்கோ கடற்கரையில் அரை டவுசரோடு கிடப்பவர்கள். வீடியோவில் பேசும்போதும் எதையாவது மென்றுகொண்டே இருப்பார்கள். யார் பல்லிடுக்கில் என்ன ஒட்டியிருக்கிறது என்பது வரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு விலாசமும் ஒரு டைரக்டரும் வேண்டியிருந்தது. இரண்டும் என் வீட்டிலேயே இருந்தன.

மாமனார் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். முதல் படிவத்தை நீட்டியபோது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நான் டைரக்டரா மாப்ள? ஹீரோயின் யாருன்னு சொல்லு, உடனே கையெழுத்துப் போடுறேன்" என்றார். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படி ஆரம்பித்தது, முப்பத்தொரு கம்பெனியாக வளர்ந்தது. அவருக்கும் பொழுது போயிற்று.

போன வருடம் புது விதி கொண்டுவந்தார்கள். வருடத்துக்கு ஒரு முறை டைரக்டர் கேமரா முன்னால் உட்கார்ந்து, கண்ணை நன்றாகத் திறந்து, தலையை இடமும் வலமும் திருப்பி, திரையில் வரும் நான்கு எண்களை வாய்விட்டுப் படிக்க வேண்டும். கம்பெனிக்கு ஒரு முறை, புதுக் கம்பெனி என்றால் பதியும்போதே ஒரு முறை. ஒரே முகத்தை ஒரு நாளில் ஒரு கம்பெனிக்குத்தான் ஏற்பார்கள். தவறினால் கம்பெனி முடங்கிவிடும். இந்த விதியைப் போட்டவர் வீட்டில் நோயாளியே இருந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் மாமனாருக்கு அப்போது புற்றுநோய் எலும்புக்கு இறங்கியிருந்தது. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி என்று சொல்லி டாக்டர் மார்பில் ஒட்டும் பேட்ச் எழுதிக் கொடுத்தார். மூன்று நாளைக்கு ஒன்று. அதை ஒட்டியதும் மனிதர் அயர்ந்து தூங்கினார். என் மனைவி பல நாள் கழித்து அன்றுதான் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மறுநாள் அவரைக் கேமரா முன்னால் உட்கார வைத்தேன். கண் சொருகியது. நான்கு எண்ணும் நாக்கில் குழறின. வாயோரம் எச்சில் ஒழுகி என் புறங்கையில் விழுந்தது. ஆறு தடவை முயன்றேன். ஏற்கவில்லை.

வேறு டைரக்டரைப் போட்டிருக்கலாமே என்பீர்கள். முப்பத்தொரு பேரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். ஏன், எதற்கு என்று குடைவார்கள். பாதிப் பேர் வேறு ஆளிடம் ஓடிவிடுவார்கள். மனைவியைப் போட்டிருக்கலாம். ஆனால் நாளைக்கு ஏதாவது வில்லங்கம் என்றால் மாட்டிக்கொள்வது அவள்தானே. கட்டின மனைவியை அப்படிச் சிக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் பேட்சை மாற்றினேன். மூட்டுவலிக்கு ஒட்டும் சாதாரணப் பிளாஸ்திரியை அதே அளவில் வெட்டி மார்பில் ஒட்டினேன். டாக்டர் சொன்ன மாதிரியே மேலே தேதி எழுதி, மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்றவும் செய்தேன். இரண்டாம் நாள் தெளிவு வந்துவிட்டது. கண் நன்றாகத் திறந்தது. எண்களைப் பிசகில்லாமல் படித்தார்.

கஷ்டம் எனக்கும்தான். தினமும் காலையில் முகம் துடைத்து, தலை வாரி, சட்டை மாட்டி உட்கார வைப்பேன். கேமராவுக்கு இடுப்புக்கு மேலே போதும். கீழே எந்த நிலையில் இருந்தார் என்பதைச் சொல்ல எனக்கே அருவருப்பாக இருக்கிறது. மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் அந்த அறைக்குள் போவேன். அவர் முனகும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டு ஒரு மனிதன் சாப்பிட முடியாது. நான் என் தட்டை எடுத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போய்விடுவேன்.

"ஏங்க, அப்பா ஏன் இப்படித் துடிக்கிறாரு? மருந்து கேக்கவே இல்லையா?" என்று என் மனைவி அழுதாள்.

"வியாதி முத்திட்டு வருதும்மா. நம்ம கையில என்ன இருக்கு?" என்றேன்.

டாக்டரிடம் பேசுவது நான்தான். அவர் இன்னும் வீரியமான பேட்ச் எழுதிக் கொடுத்தார். அதையும் வாங்கி என் மேஜை டிராயரில் வைத்தேன்.

மாமனாருக்குத் தெரிந்துவிட்டது. பத்தொன்பதாவது கம்பெனி என்று ஞாபகம். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மாப்ள, நம்பரத் தப்பில்லாம சொல்லிடுறேன். அதுக்கப்புறம் அந்த நல்லத ஒட்டி விடுறியா? இன்னிக்கு ஒரு நாள் மட்டும்."

"முடியட்டும் மாமா."

"அவகிட்ட சொல்ல மாட்டேன்பா. உங்களுக்குள்ள சண்டை வந்துடும்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கடைசி வரை மகளிடம் வாய் திறக்கவில்லை. அதை நான் மதிக்கிறேன்.

முப்பத்தொன்றாவது முடிந்த அன்று சாயங்காலம் நிஜப் பேட்சை எடுத்துக்கொண்டு போனேன். நானும் வாக்குத் தவறுகிறவன் இல்லை. உறையைக் கிழிக்கப் போகும்போது போன் வந்தது. புது ஆள், கடற்கரைக் கூட்டம்தான். ஒரு பெரிய ஒப்பந்தம் கிடைத்திருக்கிறதாம், நாளைக்கே கம்பெனி வேண்டுமாம். வாய் நிறைய எதையோ அடைத்துக்கொண்டு, "ஒரு நாள்ல முடிச்சுக் குடுத்துடுவீங்கல்ல பாஸ்?" என்றான். மாமனார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேட்சைத் திரும்பக் கொண்டுபோய் டிராயரில் வைத்தேன். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் காலையில் நான்கு எண்ணையும் படித்தார். மதியம் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து டிராயரைச் சுத்தம் செய்தபோது என் மனைவி உறை பிரிக்காத பதினோரு பேட்சைக் கண்டுபிடித்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். குடும்ப விஷயத்தைக் குடும்பத்துக்குள் பேசியிருக்கலாம்.

அவரை நான் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, போலிக் கையெழுத்து ஒன்றுகூடப் போடவில்லை. வலிமருந்தை நிறுத்தினேன். முப்பத்திரண்டு நாள், தெரிந்தேதான் நிறுத்தினேன். முப்பத்திரண்டு வீடியோவும் உங்களிடம் இருக்கிறது, போட்டுப் பாருங்கள், எல்லாம் சட்டப்படி சரியாக இருக்கும். ஒவ்வொன்றிலும் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். அது அழுகை இல்லை, ஐயா. விளக்கை முகத்துக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துவிட்டேன். அந்தத் தப்பை ஒப்புக்கொள்கிறேன்.