நேர்ச்சைக் கோழியும் கடைவாய்ப் பல்லும்

வேர் சிகிச்சையில் எனக்கு எப்போதும் பிடித்தது கடைசி வேலைதான். அழுகியதைச் சுரண்டி எடுக்க யாராலும் முடியும். சுரண்டிய குழியைக் காற்றுப் புகாமல் அடைப்பதில்தான் டாக்டரின் கை தெரியும். ரப்பர் குச்சி போன்ற கட்டாபெர்ச்சாவை உள்ளே இறக்கி, சுற்றியுள்ள இடுக்குகளைச் சீலர் என்கிற பசையால் நிரப்ப வேண்டும். வேரின் நுனிக்கு ஒரு நூல் முன்னாலேயே நின்றுவிட வேண்டும். கருங்கல் ஊரில் நான் கிளினிக் வைத்த நாளிலிருந்து எடுத்த எக்ஸ்ரேக்களை எல்லாம் பாருங்கள், இன்ஸ்பெக்டர் சார். ஏசுஅடிமையின் பல்லைத் தவிர வேறு எதிலும் பசை நுனியைத் தாண்டியிருக்காது.

அதனால்தான், உங்கள் அறிக்கையில் ‘டாக்டர் ஸ்டெனியின் கவனக்குறைவு’ என்று எழுதப்போவதாகக் கேள்விப்பட்டதும் நானாகவே வந்தேன். வக்கீல் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு சொல்லோடு வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

ஏசுஅடிமை தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவர். வள்ளம் கரைசேர்ந்து அவர் வாயைத் திறந்தால் மற்ற சத்தமெல்லாம் அடங்கிவிடும். ஊர்த் திருவிழாவில் பூசை முடிந்ததும் மக்கள் நேர்ந்துகொண்டு கொடுக்கிற நேர்ச்சைப் பொருட்களை ஏலம் விடுவதும் அவர்தான். போன வருடத் திருவிழாவில் ஒரு சிவப்புக் கோழி ஏலத்துக்கு வந்தது. நான் விலை கேட்டேன். அவர் கோழியைத் தலைக்கு மேலே தூக்கி, அதன் அலகை விரலால் பிளந்து கூட்டத்துக்குக் காட்டினார்.

“டாக்டரே, இதுக்கு ஒரு பல்லுகூட இல்லியே. இத வாங்கி என்ன செய்யப் போறீரு?”

கோயில் முற்றமே சிரித்தது. பக்கத்தில் நின்ற என் மகள் அபினாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். கொஞ்சம் அவமானமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் விடாமல் கேட்டுக் கோழியை எடுத்துக்கொண்டேன். அதன்பிறகு எனக்குக் கோழி டாக்டர் என்று பெயர் விழுந்தது. கிளினிக்குக்குப் போன் செய்கிறவர்கள்கூட அப்படித்தான் கேட்டார்கள். கடற்கரையில் வட்டப்பெயர் இல்லாதவர் யார்? ஏசுஅடிமைக்கே ‘கோளாம்பி’ என்று பெயர். குழாய் ஒலிபெருக்கியைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். இதையெல்லாம் நான் மனத்தில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

மழை தொடங்கிய சமயத்தில் அவர் கீழ்க் கடைவாய்ப் பல் வலியோடு வந்தார்.

“டாக்டரே, எனக்க வாயிதான் எனக்க வள்ளம். பாத்துச் செய்யணும்” என்றார்.

பார்த்துத்தான் செய்தேன். அந்தப் பல்லின் வேருக்குச் சற்றுக் கீழேதான் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்வு கொடுக்கிற நரம்பு ஓடுகிறது. இப்போது வருகிற சீலர்கள் சதையோடு ஒத்துப்போகும். கொஞ்சம் கசிந்தாலும் பெரும்பாலும் கெடுதல் இல்லை. அன்று நான் எடுத்தது அதுவல்ல. ஃபார்மலின் சேர்ந்த பழைய பசை ஒன்று உண்டு. பிணத்தைக் கெடாமல் வைக்கிற அதே சரக்கு. உயிருள்ள நரம்பில் பட்டால் நரம்பு வெந்துபோகும். அதைத் தொடவே கூடாது என்றுதான் கல்லூரியில் சொல்லித்தந்தார்கள். என் அலமாரியின் அடித்தட்டில் ஒரு புட்டி கிடந்தது. மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். பசை நரம்பு போகிற குழாய்க்குள் வெள்ளை நூல் போல நீண்டு கிடந்தது. வேலை சுத்தமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவர் மனைவி கிளாரா அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்.

“தீக்கங்கு வச்ச மாதிரி எரியுதுண்ணு கெடந்து துடிக்காரு, டாக்டரே. நெய்யூரு ஆசுத்திரிக்குக் கொண்டு போகட்டா?”

உடனே தாடையைத் திறந்து பசையை வழித்தெடுத்தால் நரம்பு பிழைக்க வழி உண்டு. நாள் கடந்தால் இல்லை. நான் கிளாராவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

“பயப்படாண்டாம். மருந்து வேருல வேலை செய்யுது. ஞாயித்துக்கெழம பாப்போம்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அடுத்த ஞாயிறும் வரச் சொன்னேன். மாத்திரைகளைச் சும்மாவே கொடுத்தேன். ஏசுஅடிமை என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதே கைதான்.

இப்போது அவருடைய கீழுதட்டில் ஒரு பாதி செத்துவிட்டது. தொட்டால் தெரியாது, ஆனால் உள்ளே எரிச்சல் மட்டும் ஓயவில்லை. கஞ்சி குடிக்கும்போது வாயோரம் வழிவது அவருக்குத் தெரிவதில்லை. ஏலம் கூறினால் வார்த்தை குழைகிறது, மீன் வியாபாரிகள் சிரிக்கிறார்கள். இந்த வருடத் திருவிழாவில் வேறொருவர்தான் ஏலம் கூறினார். ஏசுஅடிமை கொடிமரத்தடியில் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டால் தாடையைத் துடைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டு ஏதோ சொல்ல வந்தார். வாய் வழிந்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் காத்திருந்து பார்த்தேன், வேறொன்றும் சொல்லவில்லை.

அதன்பிறகுதான் கிளாரா அவரை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனதும், அங்கே எடுத்த படத்தோடு உங்களிடம் புகார் கொடுத்ததும். அந்தப் படத்தைப் பார்த்து என் கை தவறிவிட்டது என்று முடிவுகட்டிவிட்டீர்கள். கை தவறவில்லை, சார். பசை நான் அனுப்பிய இடத்துக்குத்தான் போனது. அவரை வேறு எங்கும் விடாமல் வைத்துக்கொண்டதும் தெரிந்தே செய்ததுதான். அந்தச் சொல்லை மட்டும் திருத்தி எழுதிவிடுங்கள்.

கோழி விஷயத்தை இதோடு சேர்க்க வேண்டாம். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். கோழி வீட்டுக்குப் பின்னால் கூட்டில் நிற்கிறது. யாரையும் அறுக்க விடவில்லை. தினமும் கிளினிக்குக்குப் புறப்படும்போது அதன் அலகைப் பிளந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.