ஸ்டியரிங்கில் பெயர் மாட்டச் சொன்ன ரோசலின் அம்மையாருக்கு

பேருந்துகள் உறங்கும் இடத்தில் உறங்காது விழித்திருந்தவரே! பழுதுபார்க்கும் பள்ளத்தில் இறங்கியவன் பத்திரமாய் ஏறும்வரை பதைத்து நின்ற பாசமே! கிரீசும் கரியும் படிந்த எங்கள் கைகளைக் கௌரவமாய்க் கண்ட கண்ணியமே! காக்கிச் சட்டை ஒவ்வொன்றுக்கும் வீட்டில் காத்திருக்கும் ஒரு கதவு உண்டென்று கருதிப் பணிசெய்த கருணையே! கிளைப் பணிமனையின் உதவிப் பொறியாளராய் வந்து, உதவிப் பொறியாளராகவே இன்று ஓய்வு பெறும் திருமதி அ. ரோசலின் அம்மையே! தொழில்நுட்பப் பணியாளர்களும் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் துப்புரவுப் பணியாளர்களும் ஒன்றாய் எழுந்து உரைக்கும் வணக்கம்.

இந்த வரிகளை எழுதுவதற்குள் டயர் பிரிவு ஆண்டனிராஜும் உதிரிபாகக் கிடங்கு அனிஷாவும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார்கள். ‘மலைக்கோட்டையே’ என்றுகூட ஒரு விளி இருந்தது. மேடத்தைக் கோட்டை என்று கூப்பிட்டால் மேடையிலேயே சிரித்துவிடுவார் என்று சொல்லி அனிஷா அதை அடித்துவிட்டார். மடல் என்றால் ‘தாங்கள்’ என்றுதான் எழுத வேண்டுமாம். அப்படி எழுதினால் தலைமை அலுவலகத்துக்கு விளக்கம் எழுதுவது போலிருக்கிறது. ஆகவே ‘நீங்கள்’ என்றே எழுதுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடந்த சில வாரங்களாக நீங்கள் பழைய நடையில் இல்லை என்பதை நாங்கள் கவனித்தோம். ஓய்வு பெறப்போகிறவர் ஊருக்குப் போவது, பேரப்பிள்ளைகள், முழங்கால் வலி என்று பேசுவார். நீங்களோ ஒவ்வொரு ஷிப்டிலும் வந்து ஸ்டியரிங்குகளில் தொங்கும் பெயர்ப்பலகைகளையே பார்த்தீர்கள். ஒருநாள் டீசல் பங்கில் நின்ற ரொனால்டிடம் மனம் தாங்காமல் கேட்டும்விட்டீர்கள். “நான் போனதும் இந்தப் பலகையெல்லாம் கழட்டி எடைக்குப் போட்ருவாங்களா ரொனால்டு?” என்றீர்கள். அன்று மாலை அவர் அதை எங்களிடம் வந்து சொன்னார். உங்களுக்குப் பொன்னாடையும் குத்துவிளக்கும் எளிதாகக் கிடைத்துவிட்டன. அந்தக் கேள்விக்குரிய பதில்தான் கிடைக்கவில்லை.

வந்திருக்கும் உறவினர்களுக்காகவும், மேடையில் அமர்ந்திருக்கும் உங்கள் கணவர் ஆசிரியர் ராயப்பராஜ் அவர்களுக்காகவும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் நீங்கள் எதையும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

நீங்கள் வருமுன் பிரேக் டிரம்மைக் கழற்றினால் காற்றுக் குழாயைப் பிடித்து உள்ளிருக்கும் கருந்தூளை ஊதித் தள்ளுவோம். பணிமனையே மேகம் சூழ்ந்து நிற்கும். கூட்டிப் பெருக்கும் பழனியம்மாள் இருமிக்கொண்டே பெருக்குவார், அந்த இருமலை அவர் வயசுக் கோளாறு என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். நீங்கள் காற்றுக் குழாயைப் பூட்டி வைத்து, வாளியில் தண்ணீரும் ஈரத்துணியும் கொடுத்தீர்கள். பழனியம்மாளைப் பெரிய மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிப்போனீர்கள். இன்று அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், இருமல் இல்லை. பேட்டரி அறையில் வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வந்தது. பெண் நடத்துநர்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை வந்தது. காலணி என்று வந்திறங்கிய மூட்டையில் எல்லாம் ஒரே அளவாக இருந்தபோது, எங்கள் ஆட்களுக்குக் கால் ஒரே அளவில் வளரவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பியதும் நீங்கள்தான். அரசு வேலைக்காரனுக்கு எதுவும் ஆகாது என்று ஊரே நம்பும். அரசு வேலைக்காரனுக்கும் நுரையீரல் உண்டு என்று நம்பியவர் நீங்கள்.

இனி அந்த ஆயுதபூஜையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பணிமனையில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருந்தது. வண்டிக்கு அடியில் புகுபவர் செருப்பைக் கழற்றி முன்சக்கரத்தின் முன்னால் விட்டுப் போவார். செருப்பு கிடந்தால் அடியில் ஆள் உண்டு, கிடக்காவிட்டால் இல்லை. எவரும் எழுதி வைக்காத சட்டம். ஓட்டுநர் படியில் கால் வைக்குமுன் சக்கரத்தைப் பார்ப்பார். எங்கள் அப்பன்மார் காலத்திலிருந்து அது எங்களைக் காத்தது என்பதால் அதையே பாதுகாப்பு என்று எண்ணியிருந்தோம்.

அந்த ஆண்டு பூஜைக்கு முதல்நாள் காலை. வண்டிகளைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று, வாழைக்கன்றும் கட்டியாயிற்று. பொட்டு வைத்த வண்டியின் முன்னால் செருப்புக் கிடப்பதா என்று பக்தியோடு யாரோ எல்லாச் செருப்புகளையும் பொறுக்கி வாசலோரம் வரிசையாக அடுக்கிவிட்டார்கள். மெக்கானிக் ரொனால்டு அடியில் பிரேக் சரிசெய்துகொண்டிருந்தார். ஓட்டுநர் கருப்புசாமி வந்தார், சக்கரத்தைப் பார்த்தார், செருப்பு இல்லை, வண்டியை எடுத்தார். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ரொனால்டின் குரல் எங்களுக்குக் கேட்பதற்குள் சக்கரம் அவர் இடது பாதத்தில் ஏறிவிட்டது.

உயிர் தப்பியது. பாதம் பழையபடி ஆகவில்லை. அதற்குப்பின் ரொனால்டு டீசல் பங்குக்கு மாறினார். கருப்புசாமியோ பல வாரம் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவே முடியாமல் இருந்தார். விசாரணைக்கு வந்தவர்களுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, ஓட்டுநர் பெயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. செருப்பை ஒதுக்கியது யார் என்றும் கேட்டார்கள். நீங்கள் அந்தக் கேள்வியை மேலே போகவே விடவில்லை. ஓர் உயிரைச் செருப்பின் பொறுப்பில் விட்ட முறைதான் குற்றவாளி, அதைத்தான் வேலையைவிட்டு நீக்க வேண்டும் என்று விசாரணை அறையில் சொன்னீர்கள். கருப்புசாமியின் வேலை நிலைத்தது. செருப்பை ஒதுக்கியவர் யாரென்று இன்றுவரை எங்களில் எவருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அதன்பின் வந்தவைதான் அந்தப் பலகைகள். ஓடி ஓய்ந்த வண்டிகளின் பழைய ஊர்ப்பெயர்ப் பலகைகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு பக்கம் சிவப்படித்து, ஆளுக்கொரு பெயர் எழுதி, சங்கிலி கோத்துக் கொடுத்தீர்கள். அடியில் போகிறவர் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத் தன் பெயர்ப்பலகையை ஸ்டியரிங்கில் மாட்ட வேண்டும். மாட்டியவரைத் தவிர வேறெவரும் அதைத் தொடக்கூடாது. முகேஷ்குமாரின் பலகையைத் திருப்பினால் ‘சேவுகம்’ என்று பாதி ஊர் தெரியும், ஸ்டீபன்ராஜுக்குக் கிடைத்தது கொடைரோட்டின் கடைசிப் பாதி. ஓட்டுநர்கள் அதற்குத் தாயத்து என்று பெயர் வைத்தார்கள். மேடம் மந்திரித்துக் கொடுத்தது என்று சிரித்தார்கள். நீங்களும் கூடச் சிரித்துவிட்டு, மாட்டாதவரை வீட்டுக்கு அனுப்பினீர்கள்.

சிரிப்பு நின்றது ஒரு தைப்பூசத்தில். பழனிக்குச் சிறப்புப் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன, பேருந்து நிலையத்தில் கூட்டம் அலைமோதியது. ஒரு வண்டியின் ஸ்டியரிங்கில் ஸ்டீபன்ராஜின் பலகை தொங்கியது. ஸ்டீபன்ராஜ் வேலையை முடித்தவர், பலகையைக் கழற்ற மறந்து சின்னாளப்பட்டி வீட்டுக்குப் போய்விட்டிருந்தார், செல்போன் எடுக்கவில்லை. எல்லாரும் குனிந்து பார்த்தோம், அடியில் ஆள் இல்லை. கிளை மேலாளர் கழற்றச் சொன்னார். மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. கழற்றிவிட்டால்தான் என்ன என்று எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. நீங்கள் வண்டியின் படியில் ஏறி நின்றுகொண்டு, “இன்னைக்கு ஆள் இல்லன்னு கழட்டுனீங்கன்னா, ஆள் இருக்குற அன்னைக்கும் இல்லன்னு நெனச்சுத்தான் கழட்டுவீங்க. அவரு வந்து கழட்டட்டும்” என்றீர்கள்.

ஸ்டீபன்ராஜைச் சட்டைப் பொத்தான்கூடப் போடவிடாமல் பைக்கில் அள்ளிக்கொண்டு வந்தோம். வண்டி வெகு தாமதமாகப் போனது. விளக்கம் கேட்டு உங்களுக்குக் குறிப்பாணை வந்தது. அதைத் தொடர்ந்து, கைக்கெட்டிய பதவி உயர்வு உங்களைத் தாண்டி வேறொருவருக்குப் போனது. நீங்கள் அதுபற்றி ஒரு சொல் பேசவில்லை. நாங்கள் பேசுகிறோம். அது அநியாயம். அந்த வருத்தம் எங்களுக்கு ஆறவில்லை, இந்த மடலைச் சட்டம் போட்டு மாட்டும்போது அந்த வரியும் சேர்ந்தே சுவரில் தொங்கட்டும்.

பெற்ற பதவியினும் பேணிய உயிர் பெரிதென்ற பெருந்தகையே! இப்போது உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லப்போகிறோம். விழாவுக்கு முன்னால் பணிமனைப் பக்கம் வரவே கூடாது என்று உங்களைக் காலையில் தடுத்துவிட்டோம் அல்லவா? நீங்கள் மாதா கோயிலில் பூசையில் இருந்த அந்த வேளையில் இங்கே நடந்தது இது.

கொடைரோட்டுக்குப் புறப்பட வேண்டிய வண்டியில் முகேஷ்குமாரின் பலகை தொங்கியது. முகேஷ்குமார் உங்கள் விழாப் பதாகையைக் கட்டுவதற்காக முன்வாசலில் ஏணி மீது நின்றிருந்தார். சென்ற மாதம் வந்த நம் புதிய கிளை மேலாளர் நல்லவர், நேரம் தவறாதவர், ஆயுதபூஜைக் கதை அறியாதவர். இதை மேடையில் படிக்க அவரே அனுமதி தந்திருக்கிறார். அவர் தாமே குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். யாருமில்லை, கழற்றிவிட்டு எடுங்கள் என்று ஓட்டுநரிடம் சொன்னார்.

ஓட்டுநர் கருப்புசாமி. அவர் உரக்கப் பேசி நாங்கள் கேட்டதில்லை. அந்த ஆயுதபூஜையைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் எங்களில் எவரிடமும் அவர் வாய் திறந்ததில்லை. அவர் இருக்கையைவிட்டு எழுந்தார். படியிறங்கி வந்து மேலாளரின் முன்னால் கை கட்டி நின்றார்.

“சார், நானும் அன்னைக்கு ஆள் இல்லன்னு பாத்துட்டுத்தான் சார் எடுத்தேன்” என்றார்.

டீசல் பங்கிலிருந்து ரொனால்டு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து கருப்புசாமியின் பக்கத்தில் நின்றார். கருப்புசாமியின் தோளில் கை வைத்துக்கொண்டார். மேலாளர் அந்தப் பாதத்தைப் பார்த்தார். பிறகு தாமே முன்வாசலுக்கு நடந்துபோய், ஏணியைப் பிடித்துக்கொண்டு, முகேஷ்குமாரை இறங்கி வரச் சொன்னார். முகேஷ்குமார் வந்து தன் பெயரைத் தன் கையால் கழற்றினார். வண்டி தாமதமாகத்தான் போனது. குறிப்பாணை வந்தால் வரட்டும், விளக்கம் எழுத நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம்.

அம்மையே! உங்களுக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் வாய்க்க வேண்டும். ராயப்பராஜ் சாரோடு நீங்கள் உட்கார்ந்து சூடாக இரவுச் சோறு உண்ண வேண்டும், இத்தனை ஆண்டு அவர் தனியாக உண்டது போதும். மகள் கிளாராவின் பிள்ளைகள் உங்களை ஓட விட வேண்டும், அதுவும் வீட்டுக்குள்ளேயே. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு அரசுக் காலணி வாங்கித் தந்த நீங்கள் மட்டும் பழைய ரப்பர் செருப்போடு நடக்க வேண்டாம்.

நாளை விடியற்காலையில் முதல் வண்டி கிளம்பும் சத்தம் உங்கள் வீடுவரை கேட்கும். பழக்க தோஷத்தில் எழுந்து உட்காராதீர்கள் மேடம், திரும்பிப் படுத்துத் தூங்குங்கள். அடியில் இருந்த ஆள் எழுந்து வந்து தன் பெயரைக் கழற்றிய பிறகுதான் அந்த வண்டி கிளம்பியிருக்கும்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் கையால் பெயர் எழுதப்பெற்ற
கிளைப் பணிமனைப் பணியாளர்கள் அனைவரும்,
திண்டுக்கல்.