ஓனரம்மா ஆன பல்லி ராணி

இல்லை தம்பி, தூக்கக் கலக்கத்துல எல்லாம் பேசல. நல்லா முழிச்சுக்கிட்டு, தண்ணி குடிச்சு, தொண்டையைச் செருமிட்டுத்தான் பேசினேன். ஆமா, பேப்பர்ல சித்தினு இருந்த இடத்துல எல்லாம் ஓனரம்மானு சொன்னது நான்தான். வேற யாரு சொல்லுவா? உங்க சீரியல் ஹீரோ பம்பரப் பையனுக்கு இந்தத் தொண்டையை விட்டா வேற தொண்டை ஏது?

உக்காருங்க. சேனல்லேருந்து ஓடி வந்திருக்கீங்க, மூச்சு வாங்குது. அந்த நாற்காலி வேண்டாம், கிரீச்னு கத்தும். ஃபேன் போட முடியாது, சத்தம் மைக்ல விழும். டப்பிங் ரூம்னா இப்படித்தான், கதவைச் சாத்தினா ஆளை அவிச்செடுத்துடும். வளையல் போடக்கூடாது, வயிறு கூட உறுமக்கூடாது. ஹெட்ஃபோனை மாட்டினா முன்னாடி பேசிட்டுப் போனவர் தலை எண்ணெய் நாத்தம். இதெல்லாம் எதுக்கு? ஒரு பையன் ஜட்டியை பேன்ட்டுக்கு மேல போட்டுக்கிட்டு, சுத்தி சுத்திப் பறக்கறதுக்கு.

புரியுது தம்பி. சாயங்காலம் ஒளிபரப்பாகணும். அதுக்குள்ள நான் ஒழுங்கா திரும்பப் பேசிக் குடுக்கணும், இல்லைன்னா வேற ஆளை வச்சு எடுத்துட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிடுவீங்க. அதானே? ரெண்டு தரம் சொல்லிட்டீங்க. பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவதான், காது செவிடில்லை.

அவரையா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சவுண்டுக்காரரை ஏன் திட்டறீங்க, பாவம். அவர் சத்தம் கூடுதா குறையுதானுதான் பாப்பார். என்ன சொல்றோம்னு அவர் கேட்டு ரொம்ப காலமாச்சு. நாங்களும் ஒருத்தர் பேசறதை ஒருத்தர் கேக்கறதில்லை. அப்பாவா பேசறவர் முதல்ல வந்து பேசிட்டுப் போயிடுவார், பல்லி ராணியா பேசறவ அப்புறம் வருவா, நான் கடைசில வந்து தனியா சுவத்தைப் பாத்துக் கத்துவேன். மத்ததெல்லாம் மெஷின் பாத்துக்கும். பையனுக்கு மூக்குலேருந்து தாடை வரைக்கும் முகமூடி. வாய் அசையறதே தெரியாது. அவன் என்ன பேசறான்னு அவனைப் பெத்தவளே பாத்துச் சொல்ல முடியாது. அப்படி ஒரு முகமூடியை மாட்டி விட்டது நானா? உங்க ஆளுங்கதானே?

சரி, கதையைச் சொல்லுங்க பாப்போம். நீங்க பாத்தீங்கல்ல? நானே சொல்றேன். பையனுக்கு அம்மா இல்லை. அப்பா இன்னொருத்தியைக் கல்யாணம் பண்ணிக் கூட்டிட்டு வர்றார். அவ வந்து ஜன்னல் துணியெல்லாம் துவைக்கறா. பையன் சட்டைக்குப் பட்டன் தைக்கறா. ஜுரம்னா நெத்தியில கை வைக்கறா. அதுக்கு உடனே ஒரு டொய்ங்னு மியூசிக். ஏன்? கெட்டவளாம். பட்டன் தைச்சா கெட்டவளா? இந்தக் கதையை எழுதினவனுக்கு அவன் சட்டையில பட்டன் எப்படி நிக்குதுனாவது தெரியுமா?

கடைசில அவ மூஞ்சியை உரிக்கறா, உள்ள பச்சைப் பல்லி. பல்லி ராணி. இவ்வளவு நாளா பையனோட அப்பாகூட ஒரே வீட்டுல குடும்பம் நடத்தியிருக்கா, அந்த மனுஷனுக்கு வால் கூடக் கண்ணுல படல. அவர் விஞ்ஞானியாம். நல்ல விஞ்ஞானி. உடனே பையன் சுத்தறான், சுவர் இடியுது, அவ பறந்து போய்த் தெருவுல விழறா. இவன் வாசல்ல நின்னு விரலை நீட்டி, நீ எனக்கு யாரும் இல்லை, என் வீட்டை விட்டு வெளிய போங்கறான். அப்பா கை தட்டறார். வெக்கமா இல்லை அந்த ஆளுக்கு? கட்டிக்கிட்டு வந்தது அவர்தானே.

ஆமா, அந்த இடத்துலதான், ஓனரம்மா, குழாய்ல தண்ணி வரல, வந்து பாருங்கனு சொன்னேன். விரலை நீட்டறதுக்கும் பொருத்தமா இருந்துச்சு, குழாயைக் காட்டற மாதிரி.

சிரிப்பை அடக்காதீங்க தம்பி, தெரியுது. ஓனரம்மா எதுக்கு பையனோட அப்பா கூட உக்காந்து கல்யாண ஃபோட்டோ எடுத்துக்கறானு பிள்ளைங்க கேப்பாங்கதான். கேக்கட்டுமே. பல்லி எப்படி பட்டன் தைச்சுதுனு கேக்காத பிள்ளைங்க, இதையா கேக்கப் போகுது?

விளம்பரக்காரங்க கேப்பாங்களா? அது சரி. அவங்களுக்குத்தான் நீங்க பயப்படுவீங்க.

இல்லை, உங்க மேல கோபம் இல்லை. உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? ஆகல. அப்ப உங்களுக்கு எங்க தெரியப் போகுது. எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா. என் வீட்டுக்காரரோட பொண்ணு. மூத்த தாரத்துப் பொண்ணு. அது என்னை எதுவும் கூப்பிடாது. அம்மாவும் கிடையாது, சித்தியும் கிடையாது. ஏதாவது வேணும்னா செவுத்தைப் பாத்து, இங்க சீப்பு இருந்துச்சேங்கும். நான் கொண்டு போய் வச்சா, நான் நகர்ற வரைக்கும் எடுக்காது. குத்தம் சொல்லல. அதோட அம்மா இருந்த இடத்துல நான் நிக்கறேன், அது என்ன பண்ணும்?

ஆனா பம்பரப் பையன் நான்தான்னு அதுக்குத் தெரியும். சாயங்காலமானா டிவி முன்னாடி வந்து உக்காரும், கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து என் முழங்காலண்ட வந்துடும். அதுவா வந்துச்சு, நான் கூப்பிடல. ஒரு நாள் சாப்பிட மாட்டேன்னு அடம். நான் பையன் குரல்ல, தளபதி, தட்டைக் காலி பண்ணுனு சொன்னேன். காலி பண்ணிடுச்சு. அதுலேருந்து தலை வாரறது, தூங்க வைக்கறது எல்லாம் அந்தக் குரல்லதான். அவன் சொன்னா கேக்கும். நான் சொன்னாதான் கேக்காது.

இப்ப அவனே வந்து, சித்தினா பல்லி, வெளிய தொரத்துனு சொல்லணுமாம். அதுவும் என் வாயால. பக்கத்துல உக்காந்து நானும் அதைப் பாக்கணும்.

டிவியை அணைச்சு வைக்கறதா? அருமையான யோசனை. அணைச்சா என்னை ராட்சசின்னு எழுதியே ஒட்டிடும். நாளைக்குப் பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளையும் அதைத்தான் பேசும். வேற ஆளை வச்சுப் பேச வைப்பீங்க, அதையும் யோசிச்சுட்டேன். குரல் மாறினா எங்க வீட்டுப் பொண்ணு உடனே கண்டுபிடிச்சுடும். பையனும் போயிடுவான், நானும் சும்மா ஒருத்தியா அந்த வீட்டுல நிக்கணும்.

குடுங்க, பேப்பரைக் குடுங்க. சித்தினே பேசறேன். சவுண்டுக்காரரை மைக்கைத் திறக்கச் சொல்லுங்க.

என்ன எழுதியிருக்கு இங்க? வெளிய போங்கற கடைசி வரியைக் கண்ணைப் பாத்து அமைதியா சொல்லணுமா? அது மட்டும் ஆகாது தம்பி. தொண்டை கிழியக் கத்தித்தான் சொல்லுவேன், உங்க சீரியல்ல மத்ததெல்லாம் கத்தற மாதிரியே. அமைதியா சொன்னா அந்தப் பொண்ணு நம்பிடும்.